பெயர்ப்பலகையை நம்பச் சொல்லும் கட்டுரைக்கு ஓர் எதிர்வினை

வெளிநாட்டுக் காரின் சஸ்பென்ஷனில் கோளாறு வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் வண்டியை விடக் கூடாது. வெளியே பட்டறை வைத்திருப்பவர்கள் அரைகுறைகள், பாதிப் பேர் திருடர்கள். கம்பெனி கேட்கும் தொகையைக் கட்ட முடியாதவருக்கு அந்த வண்டி எதற்கு? சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த நான்கு பக்கத்தில் ஒரு புஷ்ஷைப் பற்றியோ, ஒரு பால் ஜாயின்ட்டைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. ஏசி போட்ட காத்திருப்பு அறை இருக்கிறது, சீருடை இருக்கிறது, கணினியில் அச்சடித்த எஸ்டிமேட் இருக்கிறது. இவற்றைப் பார்த்து நம்பிக்கை வைக்கலாம் என்று வாசகருக்குச் சொல்கிறார். வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்கிறார்.

இந்த யோசனை ஆபத்தானது. இதை நம்பி நடப்பவருக்குப் பணம் போகும். அதைவிட மோசமாக, உயிருக்கும் ஆபத்து வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வெளிநாட்டு வண்டி என்று அவர் கட்டியெழுப்பும் மர்மத்தைப் பார்ப்போம். இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் பாகங்களைச் சாமானியன் தொட முடியாத ஏதோ ரகசியப் பொருளைப் போல வர்ணிக்கிறார். காரின் முகப்பில் எந்த முத்திரை இருந்தாலும், அதன் கண்ட்ரோல் ஆர்ம், ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பெரும்பாலும் கார் கம்பெனி செய்வதில்லை. ஜெர்மன் வண்டிகள் பலவற்றுக்கு ஆர்மும் பால் ஜாயின்ட்டும் லெம்ஃபோர்டர் தயாரிப்பு. ஷாக் அப்சார்பர் சாக்ஸ் அல்லது பில்ஸ்டீன். லெம்ஃபோர்டர், சாக்ஸ் இரண்டுமே இசட்எஃப் குழுமத்தைச் சேர்ந்தவை. இதே பாகங்களை இந்தத் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டுக் கடையிலும் விற்கிறார்கள். லெம்ஃபோர்டர் பெட்டியைத் திறந்து ஆர்மைக் கையில் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் பல ஆர்ம்களில் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். அதே வார்ப்பு, அதே ரப்பர். பெட்டிதான் வேறு, விலைதான் வேறு. வெளியே வாங்கும் பாகமெல்லாம் டூப்ளிகேட் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். டூப்ளிகேட் சந்தையில் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உண்மையான தயாரிப்பாளரின் பெட்டியையும் போலிப் பெட்டியையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, கம்பெனி கவுன்ட்டரில் மட்டும் வாங்கு என்பது வாசகரை இருட்டில் வைத்திருக்கும் வேலை.

இனி கோளாறைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளரின் வாதம் முழுவதும் நொறுங்குகிற இடம் இதுதான். கம்பெனியில் ஸ்கேனர் இருக்கிறது, ஆகவே அங்கே சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்கிறார். ஸ்கேனர் மின்சார சமாச்சாரத்தைப் படிக்கும். உயரம் அளக்கும் சென்சார் என்ன சொல்கிறது, கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடியது, எந்த வால்வு திறக்கவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும். ஒரு லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருப்பதை எந்த ஸ்கேனரும் சொல்லாது. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் வந்திருப்பதையும் சொல்லாது. அதற்கு வண்டியை லிஃப்டில் ஏற்றி, கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தடையில் ஏறும்போது வரும் சத்தமா, இறங்கும்போது வரும் சத்தமா, பிரேக் பிடிக்கையில் வருகிறதா, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கையில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் கடகடவென்று வரும் சத்தம் பல வண்டிகளில் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் தேய்ந்ததால் வருவது. சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. அதே சத்தத்தைக் கேட்டு, வண்டியை ஓட்டியே பார்க்காமல், முன்பக்கம் முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டப்படுவதும் நடக்கிறது. அந்தக் காகிதத்தைத்தான் கட்டுரையாளர் நம்பிக்கையின் அத்தாட்சியாகக் காட்டுகிறார்.

ஆடியின் முன்பக்க அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். ஏ4, ஏ6 வண்டிகளில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் நான்கு ஆர்ம்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் ஆர்ம்கள் இரண்டையும் சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிளில் பிடித்திருப்பது ஒரு நீண்ட இரும்பு போல்ட். சில வருடம் போனால் அது அலுமினியத்துக்குள் இறுகிவிடும். சென்னை மாதிரி உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம் இறுகும். பொறுமையுள்ள மெக்கானிக் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அதைக் கழற்றுவார். சில நேரம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர் நக்கிளையே மாற்றச் சொல்லுவார். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெயர்ப்பலகை சொல்லாது. கம்பெனிக்குள்ளும் இருவகை ஆட்கள் உண்டு, வெளியிலும் உண்டு.

ஏர் சஸ்பென்ஷனில் இந்த வித்தியாசம் லட்சக் கணக்கில் போகும். மெர்சிடிஸ் 1998-இல் எஸ்-கிளாஸில் ஏர்மேட்டிக்கைக் கொண்டு வந்ததிலிருந்து விலை உயர்ந்த வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பை வருவது சாதாரணமாகிவிட்டது. ரப்பர் என்றால் வயதாகும். மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும், காற்று கசியும். கசிந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரியும். கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதிய கம்ப்ரசரும் அதே வழியில் போகும். என் மைத்துனரின் எஸ்யூவி இரவு நிறுத்தினால் காலையில் ஒரு பக்கம் தரையோடு படுத்துக் கிடக்கும். சர்வீஸ் சென்டரில் முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட், கம்ப்ரசர், வால்வு பிளாக் என மூன்றுக்கும் சேர்த்து எஸ்டிமேட் கொடுத்தார்கள். எதில் கசிகிறது என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் மாற்றினால்தான் உத்தரவாதம் தர முடியும் என்று பதில் வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு இணைப்பில் நுரை கொப்பளித்தது. அதைச் சரிசெய்தபின் வண்டி படுக்கவில்லை. ஸ்ட்ரட், கம்ப்ரசர், வால்வு பிளாக் மூன்றும் நன்றாகவே இருந்தன. நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்காமல் மூன்று உறுப்பை மாற்றச் சொல்லும் மருத்துவரை நாம் எந்தப் பெயரால் அழைப்போமோ, அந்தப் பெயர் இதற்கும் பொருந்தும்.

எல்லா சர்வீஸ் சென்டரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கட்டுரையாளர்தான் எல்லாப் பட்டறையும் இப்படித்தான் என்கிறார். கம்பெனி ஷெட்டின் உள்ளே வேலை பார்க்கும் மெக்கானிக்குகளில் கைதேர்ந்தவர்கள் ஏராளம். வெளியே நல்ல பட்டறை நடத்துபவர்களில் பலர் அங்கேயே வேலை கற்றுக்கொண்டு வந்தவர்கள். உள்ளே இருக்கும்வரை நிபுணராக இருந்த மனிதர், வெளியே வந்து சொந்தமாக ஷட்டர் திறந்த மறுநாளே அரைகுறையாகிவிடுவாரா? இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை.

வெளியாட்களிடம் கருவி இல்லை, தகவல் இல்லை என்கிறார். ஏன் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டார். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் நிறுவனங்கள் உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கின்றன என்று 2011-இல் ஒரு தனிமனிதர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று வந்த உத்தரவில் 14 கார் நிறுவனங்கள் போட்டிச் சட்டத்தை மீறின என்று ஆணையம் சொன்னது. அந்த 14-இல் மெர்சிடிஸ் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் எல்லாம் உண்டு. மொத்த அபராதம் 2,544.65 கோடி ரூபாய். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன்முன் வந்த நிறுவனங்களுக்கு அபராதத்தைக் கணக்கிடும் முறையை மாற்றிக் குறைத்தது. போட்டியை நசுக்கினார்கள் என்ற முடிவை அது தள்ளவில்லை. உதிரி பாகமும் கருவியும் பழுது பார்க்கும் தகவலும் வெளியாருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. வெளிப் பட்டறையில் வேலை செய்ததாலேயே வாரன்ட்டி போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. வெளியே செய்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம்.

வெளியே ஒரு போல்ட் கழற்றினாலும் வாரன்ட்டி செத்துவிடும் என்று கட்டுரையாளர் பயமுறுத்தியிருக்கிறார். ஆணையம் கூடாது என்று சொன்ன மிரட்டலை, அது சொல்லி வருடங்கள் கழித்து, பத்திரிகைப் பக்கத்தில் மீண்டும் சுமந்து வந்திருக்கிறார். கருவியைப் பூட்டி வைத்தவர்களை விட்டுவிட்டு, கருவி இல்லாமல் தவித்தவனைக் குற்றம் சொல்வது நியாயமா? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் கார் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசே நுகர்வோரை ஒரு திசையில் நடக்கச் சொல்லும்போது, கட்டுரையாளர் எதிர்த்திசையில் இழுக்கிறார்.

இந்த வண்டிகள் பிறந்த ஜெர்மனியையே பார்க்கட்டும். அங்கே கம்பெனி முத்திரை இல்லாத சுதந்திரப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவை இயங்கப் பாகமும் தகவலும் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2002-இலேயே வந்தன, 2010-இல் புதுப்பிக்கப்பட்டன. புதிய காருக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை. சஸ்பென்ஷனும் அதில் அடக்கம். பரிசோதிப்பவர் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். எந்தப் பட்டறையில் மாற்றினாய் என்று கேட்க மாட்டார். வேலை சரியா என்பதுதான் அங்கே கேள்வி.

பட்டறைகளில் மோசடி இல்லையா? உண்டு. பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ஏர் ஸ்பிரிங்கைத் துடைத்து, பெயின்ட் அடித்து, புதிது என்று மாட்டிவிடுபவர்கள் உண்டு. நான் புதுப்பேட்டையை இகழ்பவன் அல்ல. கிடைக்காத எத்தனையோ பாகங்கள் அந்தத் தெருக்களில் கிடைத்து வண்டிகள் மீண்டும் ஓடியிருக்கின்றன. ஆனால் பழைய ரப்பர், பழைய ரப்பர்தான். ஏர் பையும் புஷ்ஷும் அங்கே வாங்கும் பொருள்களல்ல. இந்த மோசடியைப் பிடிக்கும் வழியை வாசகருக்குச் சொல்வதுதான் எழுதுபவரின் கடமை. ஊரையே திருடர் என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு எந்த அறிவும் தேவையில்லை.

நம்பகமான பட்டறையை எப்படி அறிவது? அதன் வேலையில் அறியலாம். வண்டியை விடும் முன் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்ம் புஷ் போல்ட்டை எப்போது முழுசாக இறுக்குவீர்கள், அண்ணே? சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கி முடித்துவிடுபவரிடம் வண்டியை விடாதீர்கள். லிஃப்டில் ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த உயரத்தில்தான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும், அதையும் டார்க் ரெஞ்ச் வைத்து. இதைச் சொல்லிக்கொடுக்காமலே சொல்பவர் வேலை தெரிந்தவர். ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றித் தருகிறேன், மலிவாக முடியும் என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அது இடதும் வலதும் ஜோடியாக மாற்ற வேண்டியது. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் செய்து, முன்பு என்ன அளவு, பின்பு என்ன அளவு என்று அச்சடித்த தாளைத் தருகிறாரா பாருங்கள். சக்கரக் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் அதில் இருக்கும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு உங்கள் டிக்கியில் வைக்கிறாரா? பாகத்தின் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் போட்ட பில் தருகிறாரா? பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இந்தச் சோதனைகளை ஷோரூமிலும் செய்யுங்கள். வாடிக்கையாளரை வண்டிக்கு அடியில் வரவிடாத இடம், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நம்பிக்கை கேட்கும் தகுதியை இழந்துவிட்டது.

கம்பெனிக்கே போக வேண்டிய வேலைகள் சில உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரன்ட்டி காலத்தில் இலவசமாகக் கிடைப்பதை வெளியே காசு கொடுத்துச் செய்வதில் அர்த்தமில்லை. பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தால் தயங்காமல் போங்கள். கேமராவும் ரேடாரும் வைத்துத் தானே பிரேக் பிடிக்கும் புதிய வண்டிகளில், அலைன்மென்ட்டுக்குப் பிறகு அவற்றையும் சீரமைக்க வேண்டியிருக்கலாம். அந்த வசதி இல்லாத பட்டறை, இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்பவர் நல்லவர்.

கடைசியாக, பணம் இல்லாதவருக்கு இந்த வண்டி எதற்கு என்ற வரி. கட்டுரையில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான். பத்து வருடப் பழைய வெளிநாட்டு வண்டியை ஆசைப்பட்டு வாங்கிய சிறு வியாபாரியும், வாத்தியாரும், மருந்துக்கடைக்காரரும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கியது திருட்டு வண்டி அல்ல. அதைப் பழுது பார்த்து ஓட்டும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஷோரூம் எஸ்டிமேட் வண்டியின் இன்றைய விலையில் பாதிக்கு வரும்போது இந்த மனிதர் என்ன செய்வார்? தள்ளிப்போடுவார். ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட்டோடு தாம்பரம் பைபாஸில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கும், வண்டி கைக்கு வராது. நியாயமான விலைக்கு அந்த ஆர்மை மாற்றித் தரும் பட்டறைக்குப் போகாதே என்று பயமுறுத்தி, ஷோரூமுக்கும் போக முடியாத ஒருவரை அந்த நிலையில் நிறுத்துவதுதான் இந்தக் கட்டுரை செய்யும் காரியம். பாதுகாப்பின் பெயரால் எழுதியவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் ஷட்டரைத் தூக்கி, இரவு வரை கிரீஸ் கையோடு நின்று, தன் காசில் ஸ்கேனர் வாங்கி, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு சொல்லில் அவர் அவமானப்படுத்தியிருக்கிறார். திருடர்கள் என்ற அந்தச் சொல்லைக் கட்டுரையாளர் அடுத்த இதழில், இதே பக்கத்தில், திரும்பப் பெற வேண்டும்.